யாருக்காக இந்த வல்லரசு?



ஆகஸ்ட் மாதம் நெருங்கிவிட்டால் எங்கள் மக்தபில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் ஓத வரும் பிள்ளைகளில் சிலர், பள்ளிக்கூடத்தில் நடக்கும் சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு உரை எழுதித் தரும்படி என்னிடம் வருவார்கள். இருபது ஆண்டுகளாக எழுதிக் கொடுத்து வருகிறேன். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: 'வல்லரசு இந்தியா'. தொடக்க காலத்தில் எழுதிய உரைகளில், 2020-இல் இந்தியா வல்லரசாகும் என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெறும். 2020 கடந்து போனதும் அந்த எண்ணை அடித்துவிட்டு 2047 என்று எழுதினேன். வேறு எதையும் மாற்றவில்லை.

இம்முறை வந்தவன் ஐந்தாம் வகுப்பு மாணவன். நான் கொடுத்த தாளைப் பாதி படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "ஹஜ்ரத், நாம வல்லரசு ஆயிட்டா எங்க அத்தா ஊருக்கே வந்துருவாங்களா?" என்று கேட்டான். அவன் தந்தை சவூதியில் கொத்தனார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிறவர். "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். வளர்ந்து வரும் ஒரு நாடு வல்லரசாக ஆசைப்படுவது பிழை. நம் நாடும் அந்த ஆசையைக் கைவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அதைக் கற்பிப்பதை நாமும் நிறுத்த வேண்டும்.

கலாம் அவர்கள் சொன்னது என்ன?

இவ்வாறு சொன்னவுடன், "அப்துல் கலாம் கண்ட கனவையே மறுக்கிறீர்களா?" என்ற கேள்வி எழும். இராமேஸ்வரத்தில் பிறந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை சென்ற அப்பெருமகனார் மீது எனக்கும் மாறாத மதிப்பு உண்டு. அவரும் ஒய்.எஸ்.ராஜனும் இணைந்து எழுதிய 'இந்தியா 2020' என்னும் நூல் 1998-இல் வெளிவந்தது. அந்நூல் முன்வைத்த இலக்கு, இந்தியா வளர்ந்த நாடாக வேண்டும் என்பது. வேளாண்மை, கல்வி, மருத்துவம், தொழில் ஆகியவற்றில் நாம் எட்ட வேண்டிய நிலைகளை அவர் பேசினார். நகரத்து வசதிகள் கிராமத்திற்கும் கிடைக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று வலியுறுத்தினார். நாட்டின் பாதுகாப்புக்கு வலிமை தேவை என்றும் அவர் நம்பினார். ஏவுகணைகளுக்காகவே பல்லாண்டுகள் உழைத்தார். ஆனால் 'வளர்ந்த நாடு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வல்லரசு' என்ற சொல்லை அவ்விடத்தில் வைத்தவர்கள் மேடைப் பேச்சாளர்களும், என்னைப் போன்று உரை எழுதிக் கொடுத்தவர்களும்தாம்.

அந்த 2020-உம் வந்தது. மார்ச் மாதத்தில் சில மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக இலட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். மே மாதத்தில், மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறிச் சென்றது. அவர்கள் கொண்டுவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த காட்சியை நாம் அனைவரும் பார்த்தோம். அப்போதும் நம்மிடம் அணுகுண்டு இருந்தது, விண்கலம் இருந்தது. வேலை செய்து பிழைத்தவனை வீடு கொண்டு சேர்க்க ஏற்பாடு இல்லை.

மூன்று வல்லரசுகளின் கதை

இன்று நாம் வல்லரசு என்று வழங்கும் கருத்தை 1944-இல் வில்லியம் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு நூலின் தலைப்பாக்கினார். அவர் குறிப்பிட்டவை மூன்று நாடுகள்: அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன். அம்மூன்றின் கதையையும் பாருங்கள்.

பிரிட்டன் 1956-இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மீது படையெடுத்தது. அமெரிக்கா முகம் சுளித்ததும் பின்வாங்கியது. அதோடு அதன் வல்லரசுப் பட்டம் உதிர்ந்தது. ஆனால் பிரிட்டனின் ஏழைக்கு நல்ல காலம் எப்போது பிறந்தது? சூரியன் மறையாத பேரரசு என்று மார்தட்டிய காலத்தில் இலண்டன் சேரிகளில் குழந்தைகள் நோயில் மடிந்தனர். அப்பேரரசு கலையத் தொடங்கி, இந்தியாவை விட்டு வெளியேறி ஓராண்டு நிறைவதற்குள், 1948 ஜூலையில், ஏழை பணக்காரர் அனைவருக்கும் இலவச மருத்துவம் வழங்கும் தேசிய சுகாதாரச் சேவை அங்கே தொடங்கியது. பேரரசு கொடுக்காததைப் பேரரசை இழந்த நாடு கொடுத்தது.

சோவியத் ஒன்றியம் 1957-இல் முதல் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியது. 1961-இல் முதல் மனிதரை அனுப்பியது. உலகை நடுங்க வைக்கும் ஆயுதங்களைக் குவித்தது. அதே நாடு 1970-களில் தன் பகைநாடான அமெரிக்காவிடமே கோதுமை வாங்கியது. கடைசி ஆண்டுகளில் கடை வாசல்களில் மக்கள் வரிசை கட்டி நின்றனர். 1979-இல் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து ஏறத்தாழ 15,000 வீரர்களைப் பலிகொடுத்து 1989-இல் திரும்பியது. 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமற்போனது. எந்தப் பகைவனும் அதன்மீது குண்டு வீசவில்லை.

எஞ்சியது அமெரிக்கா. அதுவும் 2001-இல் அதே ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, எவரை விரட்டச் சென்றதோ அவர்களிடமே நாட்டை விட்டுவிட்டு வெளியேறியது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் கூறி 2003-இல் ஈராக்கை அழித்தது. அந்த ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இத்தனை செல்வமும் படையும் கொண்ட அந்நாட்டில், மருத்துவக் காப்பீடு இல்லாதோர் 2 கோடிக்கும் மேற்பட்டோர். நோய் வந்தால் கடனாளியாகும் குடும்பங்கள் அங்கும் உண்டு.

அடுத்தவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. நம்மவர்களிலும் பலர் பழைய பேரரசுகளை எண்ணிப் பெருமூச்சு விடுகிறோம். ஷாஜஹானின் மயிலாசனத்தையும் தாஜ்மஹாலையும் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். 1630 முதல் 1632 வரை குஜராத்திலும் தக்காணத்திலும் கொடும் பஞ்சம் நிலவி எண்ணற்றோர் மாண்டனர். ஷாஜஹான் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தார், வரியைக் குறைத்தார் என்பதும் உண்மை. எனினும் மயிலாசனத்திற்கு இரத்தினங்கள் பதிக்கப்பட்டதும், தாஜ்மஹாலுக்கு அடிக்கல் விழுந்ததும் அப்பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான். கட்டடம் நமக்குத் தெரியும். பஞ்சத்தில் மாண்டவர்களில் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா? வல்லரசின் வரலாறு இவ்வாறுதான் எழுதப்படுகிறது.

அச்சுறுத்தினால் பாதுகாப்பு வருமா?

"வலிமை இல்லாத நாட்டை உலகம் மிதிக்கும். ஈராக்கையும் லிபியாவையும் பார்க்கவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இது ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியன்று. 1962-இல் சீனப் படையெடுப்பின்போது நாம் பட்ட பாட்டை மறந்துவிடவும் முடியாது. எல்லையைக் காக்கப் படை வேண்டும். அதற்குரிய செலவும் வேண்டும். நான் மறுப்பது வேறு. தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவது பாதுகாப்பு. தெரு முழுவதும் தன்னைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று நினைப்பது ஆணவம். முன்னதற்கு ஓர் அளவு உண்டு. பின்னதற்கு அளவே கிடையாது.

அந்த ஆணவம் பாதுகாப்பையாவது தருகிறதா? 1998 மே 11-இலும் 13-இலும் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. தெருவெங்கும் இனிப்பு வழங்கினோம். அதே மாதம் 28-ஆம் நாள் பாகிஸ்தானும் சோதனை நடத்தியது. நாம் பெற்றதாக நினைத்த மேன்மை மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே கார்கில் போர் வந்தது; 500-க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிரிழந்தனர்.

அதற்கு முன்பே நமக்கு மற்றொரு பாடம் கிடைத்திருந்தது. 1987-இல் அமைதிப்படை என்ற பெயரில் இலங்கைக்குப் படை அனுப்பினோம். வட்டாரத்தின் பெரிய நாடு நாம் என்ற எண்ணமும் அம்முடிவில் கலந்திருந்தது. 1990-இல் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை இழந்திருந்தோம். அங்கே காக்கச் சென்ற தமிழர்களிடமும் கசப்பைச் சம்பாதித்தோம், சிங்களவர்களிடமும் சம்பாதித்தோம்.

வீட்டுக்குள் இருக்கும் கணக்கு

வெளியே பார்த்தது போதும். வீட்டுக்குள் வருவோம். 2019-21-இல் அரசே நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்கிறார்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகையுடன் வாழ்கிறார்கள். மாதந்தோறும் ஐந்து கிலோ தானியத்தை இலவசமாகப் பெறுவோர் ஏறத்தாழ 80 கோடி. அந்தத் தானியத்தை நான் குறை கூறவில்லை. அது பசிக்கு மருந்து. உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று பெருமை பேசும் நாட்டில் இத்தனை பேருக்கு அது தேவைப்படுகிறதே என்பதுதான் என் வேதனை.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 1966-இலேயே கோத்தாரிக் குழு பரிந்துரைத்தது. 2020-இன் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டை இலக்காக எழுதி வைத்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இலக்காகவே இருக்கும் இலக்கு அது! 2023 ஆகஸ்டில் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே நம் விண்கலம் இறங்கியபோது நானும் மகிழ்ந்தேன். பிள்ளைகளுடன் அமர்ந்து பார்த்தேன். அதற்கு இரண்டு மாதம் கழித்து உச்ச நீதிமன்றம், பாதாளச் சாக்கடையில் இறங்கி மாண்டவரின் குடும்பத்திற்கு 30 இலட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்த சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. நிலவில் இறங்க இயந்திரம் செய்தவர்களுக்குச் சாக்கடையில் இறங்க இயந்திரம் செய்வது அரிதா? அறிவுக்குக் குறைவில்லை. எதைப் பெருமையாகக் கருதுகிறோம் என்பதில்தான் கோளாறு.

எது பெருமை?

இந்த நாடு உலகின் நன்றியைப் பெற்ற தருணங்கள் உண்டு. 2001-இல் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக மாண்டுகொண்டிருந்தனர். மேலை நாட்டு நிறுவனங்கள் ஒரு நோயாளியின் ஓராண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கும் மேல் விலை வைத்திருந்தன. அப்போது மும்பையின் சிப்லா நிறுவனத்தை நடத்திய யூசுஃப் ஹமீது, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் அதே மருந்தைத் தர முன்வந்தார். 1970-இன் இந்தியக் காப்புரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்திருந்தது. ஆப்பிரிக்கத் தாய்மார்களின் பிள்ளைகள் பிழைத்ததற்கு ஒரு போர்க்கப்பலும் தேவைப்படவில்லை.

நம் தமிழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2001-இல், நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு மாநிலத்தின் சோற்றுப் பானை நாடு முழுவதற்கும் வழிகாட்டியது. எவரையும் அச்சுறுத்தாமல் கிடைத்த செல்வாக்கு இது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பாரசீகப் பேரரசு வீழ்ந்தது. ரோமப் பேரரசின் மாகாணங்கள் கைக்கு வந்தன. ஆயினும் பிள்ளைகளிடம் அவர்களைப் பற்றிச் சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம்? பசியால் அழும் குழந்தைகளுக்காக இரவில் மாவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்து சென்ற கலீஃபாவைச் சொல்கிறோம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நெஞ்சில் நிற்பது அந்த மூட்டைதான்.

மறுநாள் அந்தச் சிறுவனை அழைத்துப் பழைய தாளை வாங்கிக்கொண்டேன். புதிய உரை எழுதிக் கொடுத்தேன். அதில் 'வல்லரசு' என்ற சொல் இல்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்து போக வேண்டிய கட்டாயம் எந்தத் தந்தைக்கும் இல்லாத நாடாக இந்தியா ஆக வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவன் ஒருமுறை வாய்விட்டுப் படித்தான். "இது நல்லாருக்கு ஹஜ்ரத்" என்றான். போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் தன் அத்தாவுக்கு அதை முழுவதும் பேசிக் காட்டினானாம்.

நம் நாட்டை நீதியும் மனநிறைவும் மிக்க நாடாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.