பென்சீனுக்கு ஏது பெரிய காலேஜ்?

அமெரிக்காவில் டாக்டராக வேண்டுமென்றால், நம் ஊர் மாதிரி ப்ளஸ் டூ முடித்த கையோடு பெரும்பாலும் மெடிக்கல் காலேஜுக்குப் போய்விட முடியாது. முதலில் நாலு வருஷப் பட்டம். அதோடு உயிரியல், வேதியியல், ஆர்கானிக், இயற்பியல் எல்லாம் லேப் சகிதம் முடித்திருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றிரண்டை வீட்டுக்குப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் படித்தால் என்ன? 'ஐயையோ, அட்மிஷன் கமிட்டி மட்டமா நினைக்குமே!' என்று பதறுகிறார்கள், அங்கே குடியேறிய நம்மவர்கள் உள்பட. அப்படி நினைக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். என் சண்டை அவர்களோடுதான்.

பென்சீனுக்கு எந்தக் காலேஜிலும் ஆறு கார்பன்தான். சந்தேகமா? இருக்கவே இருக்கிறது எம்கேட். எல்லோருக்கும் ஒரே பரீட்சை, உச்ச மார்க் 528. படித்த ஒவ்வொரு கல்லூரியின் மார்க் ஷீட்டையும் வேறு கேட்டு வாங்கிவிடுகிறார்கள். ஒளிக்க இடமே இல்லை. அப்புறம் எதற்கய்யா வாசலில் இருக்கும் போர்டைப் பார்க்கிறீர்கள்? பகலில் வேலை பார்த்து, ராத்திரி வகுப்பில் படித்த பையனை இதற்காகக் கழித்துக்கட்டுவது தரம் பார்ப்பதல்ல, பர்ஸைப் பார்ப்பது.

நீங்களே சொல்லுங்கள். நடுராத்திரி நெஞ்சு வலித்தால், ஓடி வருகிற டாக்டரிடம் 'ஆர்கானிக் எங்கே படிச்சீங்க?' என்றா கேட்பீர்கள்?