சேட்டையென்று கருதுமுன்

நாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வருவோரிடம் கடித்த நாயைப் பற்றி விசாரிப்பது மருத்துவமனைகளின் வழக்கம். வீட்டில் வளரும் நாயே கடித்தது என்போரும் அவர்களுள் உண்டு. "அதற்கு முன் நாயிடம் ஏதேனும் மாற்றம் தெரிந்ததா?" என்று கேட்டால், இரண்டு நாளாக உண்ணவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது என்பது போன்ற விடைகள் வருகின்றன. மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள், அது நோயாக இருக்கலாம் என்று எண்ணவில்லை.

வளர்ப்புப் பிராணியின் நடத்தை திடீரென மாறினால் முதலில் நோயையே ஐயுற வேண்டும் என்பது எங்கள் கருத்து. சேட்டை, பிடிவாதம், முதுமை என்னும் விளக்கங்கள் அதன் பின்னர் வரட்டும்.

தொட்டவுடன் சீறும் வயதான நாய்க்கு மூட்டுவலியோ, பல்வலியோ, காதில் புண்ணோ இருக்கக்கூடும். வழக்கத்தைவிட மிகுதியாக நீர் அருந்துவதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றின் அறிகுறிகளாகலாம். பூனை தன் வலியை மறைப்பதில் வல்லது. அது ஒதுங்கிப் பதுங்குவதையே முறையீடாகக் கொள்ள வேண்டும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க மீண்டும் மீண்டும் முக்கியும் துளியும் வராதிருந்தால் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். உடனே சிகிச்சை கிடைக்காவிடில் ஓரிரு நாட்களில் உயிர் போய்விடும்.

வெறிநோயைப் பற்றித் தனியே கூற வேண்டும். வெறிகொண்ட நாய் எப்போதும் குரைத்துப் பாய்ந்து கடிக்கும் என்பது தவறான எண்ணம். சில நாய்கள் அடங்கி ஒடுங்கி இருட்டை நாடும். குரல் மாறும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க இயலாமல் எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி அதன் வாய்க்குள் கையை விடுவோர் உண்டு. அதைவிடப் பேராபத்து வேறில்லை. அத்தகைய நாயை நெருங்காமல் அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கடியோ, கீறலோ, புண்ணில் எச்சிலோ பட்டிருந்தால் அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். நாயை 10 நாட்கள் கண்காணித்த பின் ஊசி போடலாம் என்று காத்திருத்தல் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டே கண்காணிக்க வேண்டும். மனிதரிடம் வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது. அரசு மருத்துவமனைகளில் இவ்வூசி இலவசமாகவே போடப்படுகிறது.

சிறு சுணக்கத்துக்கெல்லாம் மருத்துவரிடம் ஓட இயலுமா என்று கேட்பீர்கள். இயலாதுதான். ஆயினும் உணவு, நீர், சிறுநீர், உறக்கம், நடை ஆகிய ஐந்தில் மாற்றம் கண்டால் தேதியோடு குறித்து வையுங்கள். வாய்பேசாப் பிராணிக்கு அக்குறிப்பே வாய்மொழி. கால்நடை மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அறவே கைவிடுங்கள். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

பிராணியை அடித்துத் திருத்த முற்படுமுன் அதன் உடலைச் சோதிக்கச் செய்யுங்கள். அதன் நலத்தோடு உங்கள் வீட்டுக் குழந்தைகளின் நலமும் பிணைந்திருக்கிறது.