பழையது சாகட்டும் என்பவர்களுக்கு

பழைய ஜப்பானிய ஆர்பிஜி விளையாட்டுகளைப் புதிய கன்சோலில் மறுபடி வெளியிடுவது சோம்பேறித்தனம், ரசிகர்களின் ஏக்கத்தைக் காசாக்கும் வேலை, புதிய படைப்புகளின் வாய்ப்பைப் பறிக்கும் செயல் என்று எழுதித் தள்ளுகிறார்கள். 2025 ஜூன் 5 அன்று நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் கடைக்கு வந்த அதே நாளில் ‘பிரேவ்லி டிஃபால்ட்’ ரீமாஸ்டரும் வந்ததை இதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். புத்தம்புதிய கருவிக்கு 2012ஆம் ஆண்டுச் சரக்கா என்பது அவர்கள் கேள்வி. இந்த வாதத்தில் உருப்படியான வரி ஒன்றுகூட இல்லை.

அவர்கள் காட்டும் சாட்சியையே விசாரிப்போம். பிரேவ்லி டிஃபால்ட் நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்காகச் செய்யப்பட்டது. அந்தக் கருவிக்கான இணையக் கடையை 2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோ மூடியது. அதற்குப் பிறகு இதை விளையாட நினைத்தவர், யாரோ விற்கும் பழைய கார்ட்ரிட்ஜையும் இன்னும் பழுதாகாத 3டிஎஸ் ஒன்றையும் தேடி அலைய வேண்டியிருந்தது. இரண்டு திரைகளில் பரப்பி வைத்திருந்த வரைபடம், மெனு, சண்டைக் காட்சி எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் ஒழுங்காக அடக்குவதற்கு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அதைச் சோம்பேறித்தனம் என்பவர் அந்த வேலையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பழைய கோப்பை எடுத்து, புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். எடுப்பதற்குக் கோப்பு எங்கே இருக்கிறது? பழைய விளையாட்டுகளின் சோர்ஸ் கோடைத் தேடிப் பிடிப்பதே சிரமம் என்று பிரேவ்லி டிஃபால்ட்டின் நிறுவனமான ஸ்குவேர் எனிக்ஸின் அன்றைய தலைவர் யோசுகே மட்சுடா 2019லேயே ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒன்றை முடித்து வெளியிட்டதும் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். மூலத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமே இருக்கவில்லை. 2002இல் வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ஸின் மூலத் தரவுகள் தொலைந்துபோனதால், 2013இன் எச்டி பதிப்புக்காக நிறைய பகுதிகளை மறுபடி உருவாக்க நேர்ந்தது. ‘ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்’ 1997இல் வந்தது. அதன் சோர்ஸ் கோடும் மிஞ்சவில்லை. விற்பனையான பதிப்புகளை ஆராய்ந்து, வேண்டியதை மீட்டெடுத்துத்தான் 2025 பதிப்பைக் கட்டினார்கள். எழுதியவர்களில் பலர் இன்னும் உயிரோடு, வேலையில் இருக்கும்போதே நடந்த மீட்பு இது. இன்னும் இருபது வருடம் காத்திருந்தால் கேட்பதற்கும் ஆள் இருக்காது. ‘சூய்கோடென்’ வரிசையைத் தொடங்கி வைத்த யோஷிடாகா முரயாமா 2024 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய முதல் இரண்டு சூய்கோடென்களின் ரீமாஸ்டர் 2025 மார்ச்சில்தான் வந்தது. தாமதம் என்ன பறிக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அடுத்து, ஏக்கம். இதுதான் அவர்கள் வாதத்தில் ஆகக் கேவலமான பகுதி, ஏனென்றால் இது வாசகரையே அவமதிக்கிறது. ‘சேய்கென் டென்செட்சு 3’ 1995இல் ஜப்பானில் மட்டும் வந்தது. அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு 2019இல், ஸ்விட்ச்சில், ‘ட்ரையல்ஸ் ஆஃப் மானா’ என்ற பெயரில் வந்தது. இடைப்பட்ட 24 வருடங்களும் ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கு ரசிகர்கள் சொந்த உழைப்பில் செய்த மொழிபெயர்ப்புதான் கதி. ‘லைவ் எ லைவ்’ 1994இல் வந்து, 2022இல்தான் ஜப்பானைத் தாண்டியது. ‘ரேடிகல் ட்ரீமர்ஸ்’ 1996இல் செயற்கைக்கோள் வழியாக ஜப்பானிய வீடுகளுக்கு மட்டும் ஒளிபரப்பான விளையாட்டு. 2022இல் ‘க்ரோனோ க்ராஸ்’ மறுவெளியீட்டோடு சேர்ந்துதான் மற்றவர்களுக்குக் கிடைத்தது. கையில் கிடைக்கவே கிடைக்காத ஒன்றுக்காக யார் பழைய நினைவில் உருகுவார்கள்? உலகத்தில் பெரும்பாலானோருக்கு இவை புதிய விளையாட்டுகள்.

புதியவற்றின் இடத்தைப் பழையவை பிடுங்குகின்றன என்ற புலம்பலுக்கும் ஆதாரம் கிடையாது. 2018இல் ‘ஆக்டோபாத் ட்ராவலர்’ என்ற முற்றிலும் புதிய விளையாட்டைத் தந்த ஸ்குவேர் எனிக்ஸின் அசானோ குழுதான் லைவ் எ லைவ் மறு ஆக்கத்தையும் செய்தது. 1994இல் மூலத்தை இயக்கிய தகாஷி டொகிடா அதன் தயாரிப்பாளராக இருந்தார். புதியதற்காகக் கண்டுபிடித்த எச்டி-2டி என்ற காட்சிமுறை பழையதற்குப் பயன்பட்டது. எதிர்த்திசையிலும் பாருங்கள். அமெரிக்காவில் 1995இல் விலைபோகாமல் கிடந்த ‘எர்த்பவுண்ட்’டை விடாமல் நேசித்த ரசிகர் கூட்டத்திலிருந்து வந்தவர்தான் ‘அண்டர்டேல்’ செய்த டோபி ஃபாக்ஸ். பிரெஞ்சுக் குழு ஒன்று 2025இல் தந்த ‘எக்ஸ்பெடிஷன் 33’ பழைய ஜப்பானிய ஆர்பிஜிகளை விளையாடி வளர்ந்தவர்களின் படைப்பு. பழையது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் புதியதைச் செய்பவர் உருவாவார்.

கோபப்பட வேண்டிய இடங்கள் உண்டு, அங்கே இவர்கள் வாயே திறப்பதில்லை. அதே க்ரோனோ க்ராஸ் மறுவெளியீடு 2022இல் சண்டைக் காட்சிகளில் தடுமாறித் திணறியபடி விற்கப்பட்டது; சரிசெய்ய 2023 ஆனது. காசு கொடுத்தவர்களை அப்படிக் காக்க வைத்தது மன்னிக்க முடியாதது. பிரேவ்லி டிஃபால்ட்டை ஸ்விட்ச் 2க்குக் ‘கேம்-கீ கார்டு’ வடிவில் விற்றது அதைவிட மோசம். அந்த அட்டைக்குள் விளையாட்டே கிடையாது, சாவி மட்டும்தான்; விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கியாக வேண்டும். ஒரு கடை மூடியதால் கைநழுவிய விளையாட்டை மீட்டு, இன்னொரு நாள் மூடப்போகும் கடையிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டிருக்க வேண்டும். மூல இசை, மூல வடிவம் இரண்டையும் தேர்ந்துகொள்ளும் வசதி ஒவ்வொரு பதிப்பிலும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். மறுவெளியீடே வேண்டாம் என்பவருக்கு இதையெல்லாம் யோசிக்கப் பொறுமை கிடையாது.

2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. 1998இல் வந்த ‘ஸீனோகியர்ஸ்’ இன்றைய கன்சோல் எதற்கும் வரவில்லை. ‘ஸீனோசாகா’ மூன்று பாகங்களும் பிளேஸ்டேஷன் 2 வட்டுகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. ரீமாஸ்டர் செய்ய யோசித்து, லாபக் கணக்கு இடித்ததால் கைவிட்டதாக பாந்தாய் நாம்கோவின் கட்சுஹிரோ ஹராடா 2019இல் சொன்னார். மறுவெளியீடு பெருகிவிட்டது என்று அழுபவர்கள் இந்த நான்கில் ஏதாவது ஒன்றை இந்த வாரம் இன்றைய கன்சோல் ஒன்றுக்கு நேர்வழியில் புதிதாக வாங்கி விளையாடிக் காட்டட்டும்.