முதல் ஸ்பூன் கஞ்சி யார் கையால்?

பக்கவாதம் வந்தவருக்கு முதல் முறை கஞ்சி புகட்டுவது நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் மகள். படுத்தவாக்கிலேயே பாசமாக ஊட்டுவார்கள். புரையேறும். கஞ்சி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாரா, இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கஞ்சி. இது நர்ஸ் செய்ய வேண்டிய வேலை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று திருவண்ணாமலை வேங்கிக்காலில் உட்கார்ந்திருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நர்ஸின் வேலை எது என்று வகுத்துச் சொன்ன வர்ஜீனியா ஹெண்டர்சனை நர்சிங் படித்த எல்லோருக்கும் தெரியும். 1897இல் அமெரிக்காவில் பிறந்து 98 வயது வரை வாழ்ந்தவர். மனிதருக்கு அவசியம் என்று அவர் சொன்ன 14 தேவைகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வோம். மூச்சு விடுவது, சாப்பிடுவது, மலஜலம் கழிப்பது, புரண்டு படுப்பது, தூங்குவது என்று போகும். அவர் சொன்னது இதுதான்: உடம்பில் தெம்பும் மனதில் பிடிப்பும் விவரமும் இருந்தால் ஒருவர் தானே செய்துகொள்வதை, அவை இல்லாத நேரத்தில் நர்ஸ் செய்துதர வேண்டும். கூடிய சீக்கிரம் அவரே செய்துகொள்ளும் நிலைக்குக் கொண்டுவரவும் வேண்டும். பிழைக்க வழியில்லாதவருக்கு நிம்மதியான சாவும் இதில் அடக்கம். சர்வதேசச் செவிலியர் கவுன்சில் இதை 1960இல் சிறு நூலாகவே வெளியிட்டது.

அந்தப் பட்டியலில் 11ஆவது, வழிபாடு. இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த ஒரு பாட்டி, பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவர், சாப்பிடவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பி மலையைக் காட்டினோம். கும்பிட்டுவிட்டு, "தோசை இருக்கா சிஸ்டர்?" என்றார். இதுவும் சிகிச்சைதான் என்று ஹெண்டர்சனைப் படித்ததால்தான் எனக்குத் தெரியும்.

இங்கிருந்து பஸ் ஏறினால் வேலூர். அங்கே டாக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய நர்சிங் பள்ளி 1946இலேயே பட்டப்படிப்பு தரும் கல்லூரியாகிவிட்டது. இவ்வளவு முன்னே போன மண்ணில், உடம்பு துடைப்பதும் ஊட்டுவதும் கூட இருப்பவர் வேலை, ஊசியும் ரெஜிஸ்டரும் நர்ஸ் வேலை என்று ஆகிவிட்டதே! துடைக்கும்போதுதான் முதுகுச் சிவப்பு கண்ணில் படும். அன்றே கவனித்தால் படுக்கைப்புண்ணைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

நர்சுகளைக் குறை சொல்லவில்லை. போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்ற இடங்களில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. இரவு டூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் ஒருத்தியே பார்க்கும்போது யாருக்கு ஊட்டுவாள்? 2015 முதல் அரசு தொகுப்பூதியத்தில் எடுத்த நர்சுகள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்றார்கள்.

காலியிடங்களை நிரந்தரப் பணியாக நிரப்புங்கள். கூடவே, எப்போது புரட்டிப் படுக்க வைத்தது, முதல் வாய் யார் கொடுத்தது, விழுங்கினாரா என்று எழுத கேஸ் ஷீட்டில் ஓர் இடம் ஒதுக்குங்கள். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.