43.63 என்னும் எண்ணைச் சான்றாகக் காட்டுவோருக்கு

இளைய ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் படித்துக் கருத்துரைக்குமாறு சென்ற வாரம் அனுப்பியிருந்தார். அதில் ஒரு தொடர்: ‘இந்தியர்களுள் 43.63 விழுக்காட்டினர் இந்தி பேசுகின்றனர் (காண்க: அட்டவணை 2)’. அட்டவணையைச் சரிபார்த்தேன். ஓர் இலக்கம்கூடப் பிழையில்லை. ஆயினும் அத்தொடர் கூறும் செய்தி அந்த அட்டவணையில் இல்லை.

இது அவர் ஒருவரின் பிழையாயின் அவருக்கே எழுதியிருப்பேன். கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இதழ்களிலும் இதையே நாள்தோறும் காண்கிறோம். முதலில் கருத்தை முடிவு செய்கிறோம். பின்னர் அதற்கு இசைவான எண்ணைத் தேடி எடுத்து, அடைப்புக்குறிக்குள் ‘காண்க’ என்று எழுதிக் கடமையை முடித்துக்கொள்கிறோம். இதற்குச் சான்று காட்டுதல் என்று பெயரிட்டிருப்பதையே நான் மறுக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-16 அட்டவணை தாய்மொழி பற்றியது. குழந்தைப் பருவத்தில் தாய் அம்மனிதரிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் வரையறை. ஒருவர் இன்று எம்மொழியைப் பேசுகிறார் என்பது அங்கு கேட்கப்பட்ட வினாவன்று. இரண்டாம், மூன்றாம் மொழிகளுக்கு சி-17 என்னும் வேறோர் அட்டவணை உண்டு. ஆகவே ‘பேசுகின்றனர்’ என்னும் வினைமுற்று அட்டவணை தந்ததன்று, கட்டுரையாளர் சேர்த்தது.

இனி அந்த எண்ணுக்குள் நுழைவோம். ‘இந்தி’ என்னும் தலைப்பின் கீழ் உள்ளோர் 52,83,47,193 பேர். அத்தலைப்புக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிப் பெயர்கள் தனித்தனி வரிகளாக அச்சிடப்பட்டுள்ளன. போஜ்புரி 5,05,79,447, ராஜஸ்தானி 2,58,06,344, சத்தீஸ்கரி 1,62,45,190, மகதி 1,27,06,825. ‘இந்தி’ என்றே பதிவானோர் 32,22,30,097 பேர், அதாவது 26.6 விழுக்காடு. இரண்டு எண்களுக்கும் இடையே 20 கோடிக்கும் மேற்பட்ட மனிதர்கள் இருக்கின்றனர். மேற்கோள் காட்டுவோர் மேல்வரியை எடுத்துக்கொண்டு கீழ்வரிகளை விட்டுவிடுகின்றனர்.

இதை நான் பாலிகஞ்சிலிருந்து எழுதுகிறேன். நடந்து செல்லும் தொலைவில் இந்துஸ்தான் பார்க்கில், சுனீதிகுமார் சாட்டர்ஜி வாழ்ந்த ‘சுதர்மா’ இல்லம் இருக்கிறது. 1926இல் வெளிவந்த தம் வங்காள மொழி வரலாற்று நூலில் அவர் போஜ்புரி, மகதி, மைதிலி மூன்றையும் வங்காளத்தோடு சேர்த்து மாகதிக் கிளையில் வைத்தார். அவருக்கு முன் கிரியர்சனும் அவற்றைப் ‘பிகாரி’ என்னும் தனித் தலைப்பில்தான் வகைப்படுத்தினார். இதே நகரில் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் கணக்கெடுப்புத் துறையின் மொழிப்பிரிவு இயங்குகிறது. அதன் அட்டவணையிலோ போஜ்புரி இந்திக்குள் இருக்கிறது. எது சரி என்று வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் ஒரு நிருவாகத் தொகுப்பை மொழியியல் முடிவெனக் கருதி அடிக்குறிப்பில் இடுவது அந்த வாதத்தையே மறைத்துவிடுகிறது.

மைதிலியைப் பாருங்கள். 1991இல் அது இந்தித் தலைப்புக்குள் இருந்தது. எண்ணிக்கை ஏறத்தாழ 77.7 லட்சம். 92ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றபின், 2001 கணக்கில் தனித் தலைப்பாயிற்று, எண்ணிக்கை 1,21,79,122. பத்தே ஆண்டுகளில் மைதிலிக் குடும்பங்கள் அவ்வளவு பெருகிவிடவில்லை. தம் மொழியின் பெயரைச் சொல்லத் துணிந்தோரும், அதைப் பதிந்துகொண்டோரும் பெருகினர் எனக் கருதுவதே பொருந்தும்.

இதுவரை படித்துத் தலையசைத்த தமிழ் நண்பர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ‘இந்தி வெறும் 26 விழுக்காடே’ என்று எழுதுகிறீர்கள். அதுவும் அரைகுறை வாசிப்பே. அவதி என்று பதிந்தோர் 38,50,906 பேர் மட்டுமே. அவத் வட்டாரத்தின் மக்கள்தொகை இதனினும் பன்மடங்கு பெரிது. வீட்டில் அவதி பேசிக்கொண்டே ‘இந்தி’ என்று பதில் சொன்னோர் அந்த 32 கோடிக்குள் இருக்கின்றனர். எனவே 26.6 என்பதும் ஒரு வினாவுக்கு மக்கள் தந்த விடையேயன்றி, மொழியின் எல்லையை அளந்த கோலன்று.

‘தமிழ் 5.91இலிருந்து 5.70 விழுக்காடாகச் சரிந்தது. தமிழ் அழிகிறது’ என்றும் எழுதுகிறீர்கள். 2001இல் 6,07,93,814 பேர். 2011இல் 6,90,26,881 பேர். 13.5 விழுக்காடு உயர்வு. நாட்டின் மக்கள்தொகை 17.7 விழுக்காடு வளர்ந்ததால் பங்கு குறைந்தது. வகுக்கும் எண்ணைச் சொல்லாத விழுக்காடு இப்படித்தான் ஏமாற்றும். மேலும், 2001இன் தமிழ்த் தலைப்புக்குள்ளும் கைக்காடியும் எருகலாவும் அடங்கியிருந்தன. ‘தமிழ்’ என்றே பதிந்தோர் 6,06,55,813 பேர். எண்ணிக்கையில் சிறிய வேறுபாடுதான். ஆனால் போஜ்புரிக்காகக் குரல் கொடுக்கும் நாம் எருகலாவை எத்தனை கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறோம்? எதிராளியின் அட்டவணையை மட்டும் பிரித்துப் பார்ப்பவன் ஆய்வாளன் அல்லன், வழக்கறிஞன்.

‘பக்க வரம்பு இருக்கிறது, மதிப்பீட்டாளர் இதையெல்லாம் கேட்பதில்லை’ என்பது வழக்கமான மறுமொழி. மேற்கண்ட தொடரை இவ்வாறு எழுதலாம்: ‘2011 கணக்கெடுப்பில் 43.63 விழுக்காட்டினரின் தாய்மொழிகள் இந்தி என்னும் தலைப்பில் தொகுக்கப்பட்டன; இந்தி என்றே பதிந்தோர் 26.6 விழுக்காட்டினர்.’ ஒரே வரிதான் கூடுகிறது. அந்த வரியை எழுதியபின் உங்கள் முடிவு நிற்கவில்லையெனில், அது முன்னரே நிற்கவில்லை.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. புதிய மொழி அட்டவணைகள் வெளிவரும் நாளில் எல்லாத் தரப்பினரும் மேல்வரியைப் பறித்துக்கொண்டு ஓடுவர். ஆய்வு மாணவர்களிடம் நான் வேண்டுவது இதுவே: எண்ணை எடுத்தாளுமுன் கேட்கப்பட்ட வினா எது, தலைப்புக்குள் எவையெவை அடங்கின, எதனால் வகுக்கப்பட்டது என்னும் மூன்றையும் உங்கள் தொடரிலேயே எழுதுங்கள். உங்கள் மதிப்பீட்டாளர் கேட்கமாட்டார். அட்டவணையின் கீழ்வரியில் இருக்கும் 5 கோடிப் பேருள் ஒருவர் கேட்கக்கூடும்.

அந்த இளைய ஆய்வாளர் நேற்றிரவு திருத்திய இயலை அனுப்பினார். இணைப்பு மொழி பற்றிய தம் முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு இப்போது சி-17ஐச் சான்றாகக் காட்டியிருக்கிறார். எனக்கு அம்முடிவில் உடன்பாடில்லை. எனினும் இனி நாங்கள் முறையாக வாதிடலாம்.