கரணம் அடிக்கட்டும், விடுங்கள்

புங்குடுதீவு மடத்துவெளியைப் பூர்வீகமாகக் கொண்ட இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் விமானச் சாகசப் போட்டிக் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். செய்தி அறிந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் பொருமித் தீர்த்தார். "ஆகாயத்தில கரணம் அடிக்கவோ தகப்பன் கடன்பட்டு வெளிநாடு போனவர்? நீங்களாவது புத்தி சொல்லுங்கோ" என்றார்.

புத்தி சொல்ல வேண்டியது அந்த இளைஞருக்கு அல்ல என்பதே என் கருத்து.

முதலில் காசைப் பற்றிப் பேசுவோம். விமானம் ஓட்டுவது மலிவான பொழுதுபோக்கு அன்று. தனியார் விமானி உரிமம் பெறுவதற்கே அங்கு குறைந்தது 45 மணி நேரப் பறப்புப் பயிற்சி வேண்டும். சாகசப் பயிற்சி அதற்கு மேல். ஆனால் பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஹெலிகொப்ரரை வாடகைக்கு அமர்த்தி, மண்டப வாசலில் இறக்கி, ஒளிப்பதிவு செய்யும் சமூகம் நாம். வானத்தில் நம்மை யாரோ சுமந்து சென்றால் அது கௌரவம். நம் பிள்ளை தானே ஓட்டினால் அது வீண்செலவு. இது என்ன கணக்கு?

இரண்டாவது, இது வெறும் வேடிக்கை என்ற குற்றச்சாட்டு. போட்டிக்கான வான்வெளி, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீள அகல உயரமுள்ள கண்ணுக்குத் தெரியாத பெட்டி. ஸ்பெயின் நாட்டு விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்தி வகுத்த குறியீடுகளால் எழுதப்பட்ட வரிசைப்படி, வட்டமும் உருளலும் செங்குத்து ஏற்றமும் அதற்குள் நிகழ வேண்டும். தரையிலிருக்கும் நடுவர்கள் ஒவ்வோர் உருவுக்கும் பத்துப் புள்ளியில் தொடங்கி, 5 பாகை பிசகினால் அரைப் புள்ளி குறைப்பார்கள். இதில் வேடிக்கை எங்கே இருக்கிறது? இது ஒழுங்கின் உச்சம். விமானம் ஓட்டத் தெரியாதவர்கூட நடுவருக்கு அருகில் அமர்ந்து புள்ளிகளை எழுதிக் கொடுத்து இவ்வுலகுக்குள் நுழையலாம்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. அதனால்தான் ஆசிரியரும் விதியும் கழகமும் தேவைப்படுகின்றன.

உறவினரின் கோபத்துக்குக் காரணம் காசும் அல்ல, ஆபத்தும் அல்ல என்று நினைக்கிறேன். எங்கள் தலைமுறைக்கு வானம் என்றாலே பதுங்குகுழி நினைவுக்கு வரும். 1980களில் யாழ்ப்பாணத்தின் மேல் வட்டமிட்டுக் குத்திறங்கிய "சியாமாசெட்டி"யை யார் மறப்பார்? 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலித் தேவாலயத்தில் விமானக் குண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானதை யார் மறப்பார்?

ஆனால் பலர் அறியாத ஒன்று உண்டு. அந்தச் சியாமாசெட்டி, இத்தாலியில் 1960களில் பயிற்சிக்கும் சாகசப் பறப்புக்குமாக வடிவமைக்கப்பட்ட சிறு விமானம். பெல்ஜிய விமானப்படையின் சாகசக் குழு மக்கள் முன் பறந்து காட்டியதும் அதே வகை விமானத்தில்தான். அங்கே பிள்ளைகள் கைதட்டிய கரணத்தைப் பார்த்துத்தான் இங்கே பிள்ளைகள் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். குற்றம் இயந்திரத்தினது அல்ல. அதில் குண்டு பூட்டி அனுப்பியவர்களினது.

வானம் அதற்கு முன்பு எங்களுக்கு எப்படி இருந்தது? தை மாத வாடைக்காற்றில், மடத்துவெளி வயல்வெளியில், கொக்குப்பட்டத்துக்கு முச்சை கட்டி, விண் பூட்டி ஏற்றியவர்கள் நாம். ஒரு முச்சை பிசகினால் பட்டம் கரணம் அடித்து விழும். நிதானமாகத் திருத்தி மீண்டும் ஏற்றுவோம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் இன்றும் தைப்பொங்கலன்று பட்டப் போட்டி நடக்கிறது. ஊரே திரண்டு அண்ணாந்து பார்க்கிறது. அதை யாரும் வீண்செலவு என்று ஏசுவதில்லை.

அந்த இளைஞர் செய்வதும் அதுவே. நூலை விட்டுவிட்டுப் பட்டத்துக்குள் ஏறி அமர்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

உறவினருக்கு நான் சொன்ன பதில் இது: "அடுத்த போட்டிக்கு நீங்களும் போங்கோ. போய் ஒருக்கா அண்ணாந்து பாருங்கோ. இந்தமுறை ஓடத் தேவையில்லை."