சால்வை சம்பளம் ஆகாது

சின்னச் சின்னப் பாராட்டு தொழிலாளியை உற்சாகப்படுத்தும் என்கிறது மேலாண்மைப் பாடம். இருக்கட்டும். ஐடி ஊழியருக்குக் கிஃப்ட் கார்டு சம்பளத்துக்கு மேலே வருகிறது. தூய்மைப் பணியாளருக்கோ சால்வை, உரிமைக்குப் பதிலாக வருகிறது.

2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் கால்களைப் பிரதமர் கழுவினார். கொரோனா காலத்தில் ஊர் ஊராக மாலை போட்டார்கள். 2025 ஆகஸ்டில், தனியார்மயத்தை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு, சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் அமர்ந்திருந்தவர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றது காவல்துறை. விடிந்ததும் அமைச்சரவை கூடி, இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. பசிக்கு உணவு நல்லதுதான். ஆனால் அவர்கள் கேட்டது பணி ஆணை.

எங்கிருந்து வருகிறது இந்தத் துணிச்சல்? இதை வேலையாகப் பார்க்காமல் பிறப்பின் கடமையாகப் பார்க்கும் சாதிப் புத்தியிலிருந்து. கடமைக்கு நன்றி போதும், கூலி பேசக் கூடாது என்கிறது அது.

எங்கள் ஆத்தூரில் விடியும் முன் தெருக் கூட்ட வருகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று ஊருக்கே தெரியும். ஐம்பது வயது அம்மாவைப் பத்து வயதுப் பையன் "ஏ குப்பை" என்று கூப்பிடுகிறான், வீட்டார் திருத்துவதில்லை. காசே செலவாகாத "வாங்கம்மா"வைக்கூடத் தராத ஊர்தான் காந்தி ஜெயந்திக்குச் சால்வை போர்த்திப் படம் எடுக்கிறது.

தோழர்களே, அடுத்த முறை அந்தப் படத்துக்கு லைக் போடும் முன் கேளுங்கள்: பணி ஆணை உண்டா? பி.எஃப். கட்டுகிறார்களா? லீவு எடுத்தால் சம்பளம் பிடிக்கிறார்களா? பதில் வரும்வரை சால்வையை மடித்து வைக்கச் சொல்லுங்கள்.